கன்சல்டிங் கனவு, கையில் இரண்டு இன்டர்ன்ஷிப்: எதை எடுப்பது?

கேள்வி: மேலாண்மைப் படிப்பில் முதலாண்டு முடிக்கிறேன். கன்சல்டிங்கில் சேர ஆசை. 10 வார இன்டர்ன்ஷிப் இரண்டு கிடைத்திருக்கின்றன. ஒன்று பெரிய வங்கியின் நிதி அறிக்கைப் பிரிவில், மற்றது 40 பேர் கொண்ட ஸ்டார்ட்அப்பில் 'ஸ்ட்ராடஜி' வேலை. வங்கிக்கு 5 நாளில் பதில் சொல்ல வேண்டும்.

பதில்: வேலை முடிந்ததும் உங்கள் ரெஸ்யூமேயில் ஏறப்போகும் வரியை இப்போதே எழுதிப் பாருங்கள்.

'மாதாந்திர அறிக்கை தயாரிப்பில் உதவினேன்' என்பது ஒரு வகை. 'வாடிக்கையாளர்கள் பதிவின் நடுவிலேயே விலகுவதை ஆராய்ந்து, 7 படிகளை 4 ஆக்கப் பரிந்துரைத்தேன். விலகல் 18 சதவீதத்திலிருந்து 13 ஆனது' என்பது இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் நேர்காணலில் பிடித்துக்கொள்வார்கள். ஏன் 4, ஏன் 3 இல்லை? யார் எதிர்த்தார்கள், எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? படிகளைக் குறைத்ததால்தான் விலகல் குறைந்தது என்று எப்படித் தெரியும்? கன்சல்டிங் நிறுவனமான மெக்கின்சியின் அனுபவ நேர்காணலில் ஒரே சம்பவத்தை இப்படி அடிவரை தோண்டுவார்கள். உதவி மட்டும் செய்தவரிடம் மூன்றாவது கேள்விக்குப் பதில் இருக்காது.

அதற்காக வங்கியின் பெயரை லேசாக எடைபோட வேண்டாம். குவியும் ரெஸ்யூமேக்களில் தெரிந்த பெயர் கண்ணை ஒரு நொடி நிறுத்தும். உங்கள் கல்லூரியின் பெயரோ முன்பு வேலை பார்த்த நிறுவனத்தின் பெயரோ ஏற்கெனவே அப்படிக் கண்ணை நிறுத்தும் என்றால் வங்கியால் கூடும் பலன் குறைவு, இல்லையென்றால் அதிகம்.

இரு இடத்திலும் கேளுங்கள்: போன முறை இருந்த இன்டர்ன் என்ன செய்தார், அது நடைமுறைக்கு வந்ததா? வாரம் ஒருமுறையாவது உட்கார்ந்து பேசப்போகும் மேலாளர் யார்? இறுதி பிரசென்டேஷனை யார் கேட்பார்கள்? தரவு முதல் நாளே கிடைக்குமா? (வங்கிகளில் அனுமதிக்குக் காத்திருந்தே இரண்டு வாரம் கரைந்துவிடுவதுண்டு.) முடிவுகளைச் சதவீதமாக வெளியே சொல்லலாமா? முழுநேர வேலையாக மாறுமா?

ஸ்டார்ட்அப்பில் விஷயம் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். நிறுவனருக்கு நேரம் இருக்காது. ஸ்ட்ராடஜி என்று சொல்லிச் சேர்த்தவரை மூன்றாம் வாரம் சமூக ஊடகப் பதிவு போட உட்கார வைப்பார்கள். ஆகவே என்ன பிரச்சினை, எந்த எண் மாற வேண்டும், யாரிடம் அறிக்கை கொடுப்பது என்ற மூன்றையும் மின்னஞ்சலில் வாங்குங்கள். கொடுத்தால் ஸ்டார்ட்அப் போகலாம். மழுப்பினால் வங்கி, அங்கே வழக்கமான வேலையோடு ஒரு செலவு ஆய்வையாவது கேட்டு வாங்குங்கள்.

கெடு நீட்டிப்பை இன்றே கேளுங்கள், ஐந்தாம் நாள் மாலையில் அல்ல. 'கொஞ்சம் அவகாசம்' என்று எழுதாமல் தேதியைக் குறிப்பிடுங்கள். வங்கிக்குச் சரி சொல்லிவிட்டுப் பிறகு மாறுவது மட்டும் வேண்டாம். உங்கள் கல்லூரியின் பிளேஸ்மென்ட் அலுவலகத்துக்கும் அது சேர்ந்தே தலைவலி.

கேஸ் நேர்காணலுக்கு (ஒரு தொழில் பிரச்சினையைக் கொடுத்து அங்கேயே அலசச் சொல்லும் கன்சல்டிங் நேர்காணல்) இரண்டு இடத்திலும் யாரும் பயிற்சி தரப்போவதில்லை, மாலை நேரத்தை அதற்கு ஒதுக்குங்கள். எங்கே சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே, எதையும் மாற்றுவதற்கு முன், இருக்கும் நிலையின் எண்ணைக் குறித்துவையுங்கள். அந்த 18 கையில் இல்லையென்றால், பத்தாம் வாரத்தில் 13-ஐ வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.