காயத்தைக் காட்டித்தான் பாட வேண்டுமா?

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிசை பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவள் நான். போன மாதம் அமெரிக்க ராப் பாடகி மிஸ்ஸி எலியட்டின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அம்மாவை அடிக்கும் அப்பா, நீட்டிய துப்பாக்கி, எட்டு வயதில் உறவுக்காரன் ஒருவன் செய்த கொடுமை, வறுமை. இவ்வளவு பட்டதால்தான் இவ்வளவு பெரிய கலைஞராக முடிந்தது என்று தோன்றியது. உடனே இன்னொன்றும் தோன்றியது. அப்படியானால் நான் எதற்கு எழுதுகிறேன்? நானும் ராப் வரிகள் எழுதுகிறேன். எனக்கு அன்பான அம்மா, அப்பா. பசியோடு படுத்ததில்லை. என் வரிகள் எனக்கே பொய்யாகத் தெரிகின்றன. "உன்கிட்ட வலி இல்ல, அதான் பாட்டும் வரல" என்றான் நண்பன் ஒருவன். இன்னொரு கேள்வி. இவ்வளவு துயரம் கண்டவரின் பாடல்கள் ஏன் இத்தனை குதூகலமாக இருக்கின்றன? தன் கதையை அவர் மறைக்கிறாரா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் நண்பர் சொன்னது தவறு. அந்தத் தவறை நிறையப் பேர் நம்புகிறார்கள், அதனால்தான் தனிமடலில் முடிக்காமல் இங்கே பதில் எழுதுகிறேன்.

நீங்கள் படித்த கதையை அந்தச் சிறுமியின் பக்கத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். 1971இல் வர்ஜீனியா மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தவர். அப்பா அமெரிக்கக் கடற்படைத் தரைப்பிரிவில் இருந்ததால் குடும்பம் சில காலம் வட கரோலினாவின் ஜாக்சன்வில்லில், நகரும் வீடு ஒன்றில் வாழ்ந்தது. தோழிகள் வீட்டில் இரவு தங்கக் கூப்பிட்டால் அவர் போகமாட்டாராம். காலையில் திரும்பி வந்தால் அம்மா உயிரோடு இருக்கமாட்டாள் என்ற பயம். ஜேனட் ஜாக்சனுக்கும் மைக்கேல் ஜாக்சனுக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார், யாராவது வந்து கூட்டிப்போக மாட்டார்களா என்று. பின்னாளில் அவரே சொன்னவை இவை. இதில் எந்த இடத்தில் திறமை விளைகிறது? எனக்குத் தெரிவதெல்லாம் ஒரு குழந்தையின் தூக்கத்தையும் விளையாட்டையும் பயம் தின்றுகொண்டிருப்பதுதான். பாட்டு அவரிடம் முன்பே இருந்தது. பொம்மைகளை வரிசையாக வைத்து அவற்றுக்குப் பாடிக்காட்டிய குழந்தை அது. அந்த வீடு அதை வளர்க்கவில்லை. அதைக் கொல்லாமல் விட்டது, அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் அடி வாங்குபவராக மட்டும் வந்துபோகிறார் அம்மா பாட்ரிசியா. இந்தக் கதையின் திருப்பமே அவர்தான். மகளுக்குப் பதினான்கு வயதானபோது, "பஸ்ஸில் சும்மா ஒரு சுற்றுப் போய்வருகிறோம்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு மகளோடு கிளம்பினார். உறவினர் வீட்டு வாசலில் சாமான் ஏற்றிய வாடகை லாரி நின்றது. திரும்பவேயில்லை. அப்பா தேடி வந்து கொன்றுவிடுவார் என்று மகள் நடுங்கினார். அந்த ஒரு நாளுக்காக அந்தத் தாய் எத்தனை நாள் யோசித்திருப்பார், யாரிடமெல்லாம் ரகசியமாகப் பேசியிருப்பார்! மிஸ்ஸி எலியட் எப்படி உருவானார் என்று யாராவது கேட்டால் நான் அந்த லாரியிலிருந்துதான் தொடங்குவேன்.

துன்பம் தானாகவே ஒருவரை உயரத்துக்குக் கொண்டுபோகும் என்றால், துன்பப்பட்ட எல்லோரும் போயிருக்க வேண்டும். ரொக்ஸான் ஷான்டே என்று ஒருவர். நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். 1984இல், பதினான்கு வயதில், வேறொரு குழுவின் பாட்டுக்கு அவர் பதிவுசெய்த ஒரு பதில் பாட்டு அந்த ஊர் வானொலிகளையே கலக்கியது. அதற்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று டஜன் கணக்கில் பாடல்கள் வந்தன. அந்த வயதில் அந்த வேகத்தில் சொல் எறியும் ஆற்றலை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை. இருபதுகளின் நடுவிலேயே அவர் இசைத்தொழிலிலிருந்து விலகிவிட்டார். அவரிடம் திறமையும் இருந்தது, பட்ட பாடும் இருந்தது. மிஸ்ஸிக்கு இருந்து ஷான்டேவுக்கு இல்லாமல்போனது எது என்று பாருங்கள். கூட நிற்கும் ஆட்கள், தொழில் கற்றுக்கொள்ள ஒரு காலம், கையெழுத்திடும் காகிதத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு.

மிஸ்ஸிக்கும் இவை எளிதில் வரவில்லை. தோழிகளோடு சேர்ந்து அமைத்த குழுவை ஜோடெசி இசைக்குழுவின் டெவான்டே ஸ்விங் ஒப்பந்தம் செய்து வடக்கே அழைத்துப்போனார். கூடவே போனவர் டிம்பலாண்ட், வர்ஜீனியாவிலேயே பழகிய நண்பர், தாளம் அமைப்பவர். ஸிஸ்டா என்ற பெயரில் அந்தக் குழு பதிவுசெய்த ஆல்பம் 1994இல் வெளிவராமல் முடங்கியது. குழு கலைந்தது.

அதற்கும் முன்னால் ஒன்று நடந்திருந்தது. 1993இல் ரேவன் சிமோன் என்ற குழந்தை நட்சத்திரத்துக்காக ஒரு பாட்டை எழுதுவதில் மிஸ்ஸி பங்கெடுத்தார், அதில் ராப்பும் செய்தார். வீடியோ வந்தபோது, அவருடைய குரலுக்கு ஒல்லியான வேறொரு பெண் வாயசைத்துக்கொண்டிருந்தார். குரல் வேண்டும், உடம்பு வேண்டாம். சிறுவயதுக் கொடுமைகளைப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவது குறைவு. எனக்கோ இதுதான் அவருடைய கலையைப் புரிந்துகொள்ளும் சாவி.

அதன்பிறகு அவர் செய்ததைக் கவனியுங்கள். பின்னால் போய் உட்கார்ந்து மற்றவர்களுக்கு எழுதினார். 1996இல் பதினேழு வயதுப் பாடகி ஆலியாவின் இரண்டாவது ஆல்பத்துக்கு மிஸ்ஸியும் டிம்பலாண்டும் செய்த பாடல்கள் அமெரிக்க ஆர்-அண்ட்-பி இசையின் நடையையே மாற்றின. தாளம் திக்கித் திக்கி நின்று, சட்டென்று இரட்டை வேகத்தில் ஓடும். குரல் அதன்மேல் அவசரமே இல்லாமல் மிதக்கும். அதே ஆண்டு ஜீனா தாம்ப்ஸன் என்ற பாடகியின் பாட்டில் சில வரிகள் ராப் செய்ய வந்தவர், நடுவில் "ஹீ ஹீ ஹீ ஹா" என்று ஒரு சிரிப்பைப் போட்டுவிட்டுப் போனார். ஊர் முழுக்க அந்தச் சிரிப்பைத் திருப்பிச் சிரித்தது. நிறுவனங்கள் தேடி வந்தன. அப்போது அவர், பாடகியாக மட்டும் சேராமல், எலெக்ட்ரா இசை நிறுவனத்தின் தலைவர் ஸில்வியா ரோனிடம் தனக்கென்று ஒரு லேபிளையே, அதாவது பாடல்களை வெளியிடும் பிரிவையே, பெற்றார். கோல்ட்மைண்ட் என்று பெயர். பொறுப்பில் ஒரு பெண் இருந்ததும் தற்செயல்தான் என்று நான் நினைக்கவில்லை.

1997இல் முதல் ஆல்பம். இரண்டே வாரத்தில் பதிவானது, அமெரிக்க ஆல்பங்களின் பில்போர்டு தரவரிசைப் பட்டியலில் 3ஆம் இடத்தில் நுழைந்தது. அதிலிருந்து முதலில் தனியாக வெளியான 'தி ரெயின்' பாட்டின் வீடியோவை இன்றே பாருங்கள். ஹைப் வில்லியம்ஸ் இயக்கியது. குப்பைப் பை மாதிரி பளபளக்கும் கறுப்பு உடை, காற்று நிரப்பி ஊதிப் பெருத்தது, தலையில் கவசமும் கண்ணாடியும் சேர்ந்த ஒரு அணி. அருகில் போனால் முகத்தைப் பிதுக்கிக் காட்டும் மீன்கண் லென்ஸ். பருமன் என்று திரையிலிருந்து விலக்கப்பட்ட பெண், திரை கொள்ளாத அளவுக்குத் தன்னை இன்னும் பெரிதாக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். நியாயம் கேட்கவில்லை, அழவில்லை. ஆடுகிறார். அந்த நான்கு நிமிடங்களை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

மறைக்கிறாரா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. 2011இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தன் சிறுவயதை அவரே விரிவாகச் சொன்னார். எதைப் பேட்டியில் சொல்வது, எதைப் பாட்டில் வைப்பது என்பது அவருடைய முடிவு. அழுகையைத்தான் பாட்டில் வைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் நாம். இந்தக் கேள்வியைக் கறுப்பினப் பெண்களிடம் கேட்பதுபோல வேறு யாரிடமும் உலகம் கேட்பதில்லை என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ராப் வலியில் பிறந்தது என்பதும் பாதி உண்மைதான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் நடந்த விருந்தைத்தான் ராப் பிறந்த ஹிப்-ஹாப் கலையின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். இசைத்தட்டு சுழற்றிய கூல் ஹெர்க்கின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்த விருந்தை ஏற்பாடு செய்தது அவருடைய தங்கை சிண்டி காம்பெல். பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும் என்பதற்காக! நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. பிராங்க்ஸ் அப்போது கட்டடம் கட்டடமாக எரிந்துகொண்டிருந்த ஏழைப் பகுதி. அங்கிருந்த பிள்ளைகள் முதலில் செய்தது ஆடுவது. மிஸ்ஸி அந்த வழியில் வந்தவர்.

வலியைப் பாடக்கூடாது என்று சொல்லவில்லை. பாடியவர்கள் மாபெரும் கலைஞர்கள். ஆனால் அவர்களையும் வலி எழுதவில்லை, பயிற்சிதான் எழுதியது.

உங்கள் வரிகள் ஏன் பொய்யாகத் தெரிகின்றன? நான் பார்க்காமலே ஊகிக்கிறேன்: உங்களுக்கு நடக்காத ஒன்றை, நடந்தவர்களின் சொற்களை எடுத்து எழுதுகிறீர்கள். துப்பாக்கி, தெரு, பசி, துரோகம். அவற்றை விடுங்கள். உங்கள் காது என்ன கேட்டது, யாரைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது, எதற்கு அடக்கமுடியாமல் சிரித்தீர்கள் என்பதிலிருந்து எழுதுங்கள். 2001இல் வந்த 'கெட் யுர் ஃப்ரீக் ஆன்' பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். தும்பி எனும் பஞ்சாபி ஒற்றைத்தந்தி வாத்தியத்தின் சாயலில் சில சுரங்கள் சுற்றிச் சுற்றி வரும், அடியில் தபலா. அதன்மேல் அவர் எந்த அடியில் பேசாமல் இருக்கிறார் என்று மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு தாளச் சுற்றில் ஒரு சொல்லை எங்கே வைப்பது, எங்கே வைக்காமல் விடுவது. ராப்பில் பாதி வேலை அதுதான். அதைக் கற்றுக்கொள்ள யாரும் அடிபட்டிருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2008இல் அவருக்கு கிரேவ்ஸ் நோய் இருப்பது தெரிந்தது. தைராய்டைத் தாக்கும் நோய். நடுக்கத்தால் பேனா பிடித்து எழுத முடியாத நிலை வந்தது. துன்பம் கலையை வளர்க்கும் என்றால் இந்தத் துன்பமும் வளர்த்திருக்க வேண்டுமே? 2005க்குப் பிறகு அவரிடமிருந்து முழு ஆல்பம் வரவேயில்லை. சிகிச்சைதான் அவரை மேடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. 2015இல் அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் இடைவேளையில் சில நிமிடங்கள் பாடினார். யார் இந்தப் புதுப் பெண் என்று சின்னப் பிள்ளைகள் கேட்டார்கள். 2019இல் பாடலாசிரியர்களின் புகழ்மன்றம், 2023இல் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம். இரண்டிலும் இடம்பெற்ற முதல் ராப் பெண் அவர். சொந்தப் பெயரில் முதல் சுற்றுப்பயணம் போனது 2024இல்தான், ஐம்பத்துமூன்று வயதில்.

அந்த 2023 விழாவில், தான் மேடையில் பாடுவதை அம்மா நேரில் பார்ப்பது இதுதான் முதல்முறை என்று அவர் சொன்னார். பாடல்களில் பச்சையான பேச்சு அதிகம் என்பதால் அம்மாவை இத்தனை ஆண்டுகள் வரவிடாமலே வைத்திருந்தாராம். உலகமே ஆடிய பாட்டுக்கு அம்மா முன்னால் வெட்கப்படும் மகள்! எனக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது.

நண்பரோடு சண்டை வேண்டாம். அவருக்கும் அந்த 'தி ரெயின்' வீடியோவைக் காட்டுங்கள். அடுத்த கடிதத்தில் உங்கள் வரிகளையே அனுப்புங்கள். எழுத்தாக மட்டும் போதாது. ஏதாவது ஒரு தாளத்தை ஓடவிட்டு அதன்மேல் பேசிப் பதிவுசெய்து ஒலியாகவும் அனுப்புங்கள், சொல் எங்கே விழுகிறது என்று கேட்டுத்தான் என்னால் ஏதாவது சொல்லமுடியும்.

அன்புடன்,
அக்கா