முக்திநாத் போகிறோம், கொடுக்கும் பணம் மலையில் தங்குமா?

கேள்வி: அக்டோபரில் அப்பா, அம்மாவோடு ஆறு பேராக முக்திநாத் போகிறோம். யாத்திரை நிறுவனம் கொடுத்த செலவுப் பட்டியலில் 'அன்னபூர்ணா அனுமதிக் கட்டணம், தலைக்கு 1,000 நேபாள ரூபாய்' என்று இருக்கிறது. கோயிலுக்குப் போக எதற்கு இந்தக் கட்டணம்? அது அந்த ஊர் ஜனங்களுக்குப் போகிறதா, காத்மாண்டுவிலேயே நின்றுவிடுகிறதா? அங்கிருப்பவர்களுக்கு உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டு, பேனா வாங்கிப் போகலாமா?
- கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: நாம் திருச்சாளக்கிராமம் என்று சேவிக்கும் முக்திநாத், முஸ்தாங் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த இடம் அன்னபூர்ணா இயற்கைப் பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது. நீங்கள் டிரெக்கிங் போனாலும் சரி, ஜீப்பில் போய்த் தரிசனம் செய்துவிட்டுத் திரும்பினாலும் சரி, உள்ளே நுழையக் கட்டணம் உண்டு. இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவர்களுக்கு 1,000 நேபாள ரூபாய், நம் பணத்தில் 625. மற்ற வெளிநாட்டவர்களுக்கு 3,000. போக்ராவிலேயே வாங்கிவிடலாம், நிறுவனமே வாங்கித் தந்தால் சீட்டைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் சோதனைச் சாவடியில் காட்ட வேண்டியிருக்கும்.

இனி பணம் எங்கே போகிறது என்பது. இதற்குக் கொஞ்சம் பழைய கதை தேவை. 1970களில் நேபாளம் தேசியப் பூங்காக்களை அமைத்தபோது, காடு வேண்டுமானால் மனிதர்கள் வெளியே போக வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் கொள்கை. மேற்கே ராரா ஏரிப் பூங்காவுக்காக இரண்டு ஊர்களையே காலி செய்து, மலையில் பிறந்தவர்களைக் கீழே தராய்ச் சமவெளியில் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். பூங்காக்களுக்குக் காவல் ராணுவம். அன்னபூர்ணாவில் அது நடக்காது என்று தெரிந்துபோயிற்று. 7,629 சதுர கிலோமீட்டர், ஐந்து மாவட்டங்கள், உள்ளே கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர். இவர்களை எங்கே அனுப்புவது?

அதனால் 1986-இல் குருங் இன மக்கள் வாழும் காந்ருக் என்ற கிராமத்தில் வேறு மாதிரி தொடங்கினார்கள். மக்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். மேய்ச்சலும் விறகும் தொடரும். எவ்வளவு வெட்டலாம், எங்கே மேய்க்கலாம் என்பதை அந்தந்த ஊரில் 15 பேர் கொண்ட குழு முடிவு செய்யும். ராணுவம் கிடையாது. நிர்வாகத்தை அரசுத் துறையிடம் விடாமல், இன்றைக்கு 'இயற்கைப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை' என்று அழைக்கப்படும் அமைப்பிடம் கொடுத்தார்கள். முக்கியமான விஷயம் இதுதான்: நுழைவுக் கட்டணம் அரசு கஜானாவுக்குப் போகாது. அறக்கட்டளையே வசூலித்து அந்தப் பகுதியிலேயே செலவு செய்ய வேண்டும். பாதை, பாலம், குடிநீர், நாற்றங்கால், சிறு நீர்மின் நிலையம், பள்ளிக்கு உதவி என்று அந்தப் பணம் போயிருக்கிறது.

ஆக, உங்கள் 625 ரூபாய் காத்மாண்டு கருவூலத்தில் நிற்கவில்லை. ஆனால் அதற்காகத் திருப்திப்பட்டுக்கொண்டு விட்டுவிட வேண்டாம். அந்தப் பணம் ஊருக்குப் போகிறது, ஒரு வீட்டுக்குப் போவதில்லை. பாலம் எல்லோருக்கும் பொது. அந்தப் பாலத்தின் பக்கத்தில் லாட்ஜ் வைத்திருப்பவருக்கு அதனால் வரும்படி, மேலே ஆடு மேய்ப்பவருக்கு இல்லை. இந்த ஏற்பாட்டின் மீதுள்ள நியாயமான குறை இது. நிலமும் முதலும் இருந்த குடும்பங்கள் விடுதி கட்டி முன்னேறின. தலித் குடும்பங்கள் பெரும்பாலும் கூலி வேலையோடு நின்றுவிட்டன. இன்னொரு குறை, அதிகாரம் யாரிடம் என்பது. கிழக்கே கஞ்சன்ஜங்கா பாதுகாப்புப் பகுதியை 2006-இலேயே உள்ளூர் மக்கள் மன்றத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். அந்த விழாவை முடித்துக்கொண்டு திரும்பிய ஹெலிகாப்டர் குன்சா அருகே மோதி 24 பேர் இறந்தார்கள். அன்னபூர்ணா திட்டத்தை வடிவமைத்த சந்திர குருங்கும் மிங்மா நோர்பு ஷெர்பாவும் அதில் இறந்துபோனார்கள். அன்னபூர்ணாவிலோ அறக்கட்டளையின் பொறுப்புக் காலம் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டதே தவிர, அப்படி முழு ஒப்படைப்பு நடக்கவில்லை.

சரி, உங்கள் பயணத்துக்கு வருவோம். வீட்டுக்குப் பணம் போக ஒரே வழி, அங்கே தங்கிச் சாப்பிடுவது. நம் ஊர் யாத்திரைகளில் பெரும்பாலும் இதுதான் நடப்பதில்லை. போக்ராவில் அறை, விடியற்காலையில் ஜீப், முக்திநாத்தில் தரிசனம், அவசரமாகக் கீழே இறக்கம். சில நிறுவனங்கள் சமையல்காரரையும் அரிசி, பருப்பு, கேஸ் அடுப்பையும்கூட வண்டியில் ஏற்றிக்கொண்டு போகின்றன. பெரியவர்களுக்கு நம் சாப்பாடு வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் அப்படிப் போனால் வழியிலுள்ள ஊர்களுக்கு மிஞ்சுவது ஜீப் கிளப்பும் புழுதிதான். சாலை வருமுன் நடந்து வருகிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் ஒரு ராத்திரி தங்கினார்கள். பேனியிலிருந்து ஜோம்சோமுக்குச் சாலை வந்த பிறகு நடுவிலுள்ள ஊர்களை ஜீப்புகள் தாண்டிப் போய்விடுகின்றன.

உங்கள் நிறுவனத்திடம் ஒரு மாற்றம் கேளுங்கள்: போகும்போது வழியிலுள்ள மார்ஃபாவிலோ காக்பேனியிலோ ஒரு ராத்திரி, முடிந்தால் இரண்டு. இது தர்மத்துக்காக மட்டும் சொல்வதில்லை. போக்ரா 1,000 மீட்டர் உயரம்கூட இல்லை. முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். ஒரே நாளில் அவ்வளவு ஏறினால் வயதானவர்களுக்குத் தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் வரலாம். மார்ஃபாவும் காக்பேனியும் 2,700, 2,800 மீட்டர் அளவில் இருக்கின்றன. உடம்பு பழக அதுதான் சரியான உயரம். அப்பாவுக்கு இதய நோயோ சர்க்கரையோ இருந்தால் கிளம்புமுன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலுக்குப் பிறகு காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். ஊருக்குள் தங்கினால் காலையிலேயே தரிசனத்துக்கு ஏறிவிடலாம்.

மார்ஃபாவில் சந்துகள் கல் பாவியவை, வீடுகள் வெள்ளையடித்த தட்டைக்கூரை வீடுகள். கூரை விளிம்பைச் சுற்றி விறகை அடுக்கி வைத்திருப்பதைப் பாருங்கள். மழை மறைவுப் பிரதேசம், மரம் குறைவு. விறகு அங்கே சொத்து. காக்பேனி, ஜார்கோட் பக்கம் முற்றத்தில் குடை கவிழ்த்தது போலப் பளபளவென்று ஒரு சூரிய அடுப்பு, நடுவில் கெட்டில் கொதித்துக்கொண்டிருக்கும். எனவே வெந்நீர் கேட்கும்போது சோலாரா, விறகா என்று கேளுங்கள். விறகு என்றால் ஆறு பேருக்கும் தனித்தனியாகக் குளிக்க வெந்நீர் போடச் சொல்லாதீர்கள். முக்திநாத்தின் 108 தாரைகளில் எப்படியும் நனையத்தான் போகிறீர்கள்!

சாப்பாட்டிலும் இப்படித்தான். ஆளுக்கொன்று சொன்னால் அடுப்பு ஆறு முறை எரிய வேண்டும். ஆறு பேருக்கும் தால் பாத் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஒரே உலையில் முடியும். சோறும் பருப்பும் போதும் போதும் என்கிறவரை பரிமாறுவார்கள். வெங்காயம், பூண்டு வேண்டாம் என்றால் போய் இறங்கியதுமே சொல்லுங்கள். நிறுவனத்தின் சமையல்காரர் கட்டாயம் வருவார் என்றால், உருளைக்கிழங்கையும் பீன்ஸையும் அங்கேயே வாங்கி, ஒரு லாட்ஜின் சமையலறையை வாடகைக்கு எடுத்துச் சமைக்கச் சொல்லுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்தப் பக்கம் அறை வாடகை மலிவு, லாபம் சாப்பாட்டில்தான். அறையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே சாப்பிட்டால் வீட்டுக்காரருக்கு மனக்கசப்பு. விலையில் பேரமும் வேண்டாம்.

அக்டோபர் ஆப்பிள் காலம். மார்ஃபாவில் 1960களில் தோட்டக்கலைப் பண்ணை வந்த பிறகு பரவிய பயிர் அது. உலர்ந்த ஆப்பிள், ஜாம் எல்லாம் கெடாமல் கும்பகோணம் வரை வரும். (பிராந்தியும் உண்டு, அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.) பரிசுக்கு லோக்தா காகிதத்தில் செய்த நோட்டுப் புத்தகம் வாங்கலாம். மலைக்காட்டுப் புதரின் பட்டையிலிருந்து செய்வது. வேரை விட்டுத் தண்டை மட்டும் வெட்டினால் சில வருடங்களில் மறுபடி தழைத்துவிடும். மேலே கார்டை நம்ப வேண்டாம், சில்லறை நோட்டாக நேபாளப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அம்மாவின் ஆசை. வழியில் நிற்கும் பிள்ளைகளுக்குப் பேனா, மிட்டாய் கொடுக்க வேண்டாம். வண்டிக்குப் பின்னால் ஓடிவந்து கேட்கிற பழக்கம் அப்படித்தான் வருகிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நிற்கிற பிள்ளைக்குத்தான் அதிகம் கிடைக்கும். நோட்டும் பேனாவும் ஜோம்சோம் கடையிலேயே கிடைக்கும். சுமந்து போகாமல் அங்கே வாங்கினால் கடைக்காரருக்கும் வியாபாரம். அதைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். பணமாகத் தருவதானால் அந்தப் பகுதிக் கிராமங்களில் 'ஆமா சமூஹ' என்ற தாய்மார் குழுக்கள் உண்டு. பாதையைச் சுத்தம் செய்வது, சாராயத்தைத் தடுப்பது, விருந்தாளிகள் முன் ஆடிப் பாடி நிதி சேர்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. தங்கும் வீட்டு அம்மாவிடமே கேளுங்கள், பெரும்பாலும் அவரும் அதில் ஓர் உறுப்பினராக இருப்பார். எதற்குச் செலவாகும் என்று கேட்டுவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.