இரண்டாவது புள்ளி அழுக்கு இல்லை

கேள்வி: அசோபென்சீன் வகைத் (இரண்டு பென்சீன் வளையங்களை இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இணைக்கும் வகை) திரவப் படிகம் ஒன்றைத் தயாரித்தேன். குழாயில் ஊற்றிப் பிரிக்கும் காலம் (column) குரோமட்டோகிராபியை மூன்று முறை செய்தும், கலவையைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தட்டில் இரண்டு புள்ளிகள் வருகின்றன. 60 டிகிரிக்கு மேல் தெளிய (கலங்கல் நீங்கிச் சாதாரணத் திரவமாக) வேண்டிய பொருள் சில டிகிரி முன்பே தெளிகிறது. சுத்தம் செய்து சான்றிதழோடு தருவதாக ஒரு முகவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த இரண்டாவது புள்ளி பெரும்பாலும் உங்கள் பொருளேதான்.

வெளிச்சம் பட்டால் நேரான டிரான்ஸ் மூலக்கூறு வளைந்து சிஸ் ஆகிறது. அசோபென்சீனில் சுமார் 0.9 நானோமீட்டர் நீளம் 0.55 ஆகச் சுருங்குகிறது. வளைந்தவை வரிசையைக் கலைப்பதால் பொருள் முன்பே தெளிகிறது. சிஸ்ஸுக்கு முனைவுத்தன்மை (polarity) அதிகம், தட்டோடு கூடுதலாக ஒட்டும், அதனால் தட்டில் கீழே தனியாக நிற்கிறது. நீங்கள் எத்தனை முறை பிரித்தாலும் டியூப் லைட் அதைத் திரும்பச் செய்துவிடும். 1937-இல் வேதியியலாளர் ஹார்ட்லி சிஸ் வடிவத்தைக் கண்டதும் வெளிச்சம் பட்ட கரைசலில்தான்.

சரி, எப்படி உறுதி செய்வது? குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி 100 டிகிரியில் பத்து நிமிடம் வையுங்கள். மங்கலான சிவப்பு விளக்கில் கரைத்து, இருட்டிலேயே தட்டை ஓட்டுங்கள். புள்ளி மறைந்தால் விஷயம் முடிந்தது. மறையாவிட்டால், தயாரிப்பின்போது ஆல்கைல் புரோமைடோடு சேராமல் மிஞ்சிய பீனாலாக இருக்கலாம், நீர்த்த காரத்தில் கழுவிப் பாருங்கள். தெளியும் வெப்பநிலையை அளக்கும்போதும் நுண்ணோக்கி விளக்குக்குச் சிவப்பு வடிகட்டி போடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மூலக்கூறின் ஒரு முனையில் டைமெத்தில் அமினோ, மறுமுனையில் நைட்ரோ இருந்தால் மேலே சொன்னது பொருந்தாது. அதில் சிஸ் சில நொடிகளில், சில கரைப்பான்களில் அதற்கும் முன்பே, திரும்பிவிடும். தட்டு ஓடி முடியும்வரை தாங்காது. அங்கே இரண்டாவது புள்ளி வந்தால் அது நிஜமான அழுக்கு. வெறும் ஆல்காக்ஸி சங்கிலி என்றால் இந்தக் கவலை இல்லை. உங்கள் அமைப்பை ஒருமுறை வரைந்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம் அந்தச் சான்றிதழ். "98 சதவீதம் சுத்தம்" என்று அச்சடித்திருப்பார்கள். இருட்டில் அளந்தார்களா என்று கேளுங்கள், பதில் வராது. முகவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. சுத்தத்தை அளக்கும் கருவிக்கு வாரக்கணக்கில் வரிசை, அதுவரை மாதிரி கண்ணாடிக் குப்பியில் ஜன்னலோரம் வெயில் காயும். மாதிரியோடு தரும் படிவத்தில் பதினைந்து கட்டங்கள் இருக்கும், "வெளிச்சம் படாமல் வைக்கவும்" என்று எழுத ஒரு கட்டம் இருக்காது. குப்பி மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.