இ-சிகரெட்டில் 0.5 ஓம் காயிலுக்கு (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) மாறியதும் பேட்டரி ஏன் பாதி நாள்கூட வருவதில்லை? வோல்ட்டேஜைக் குறைத்தால் போதுமா?

எனக்கும் இதேதான் நடந்தது. சிகரெட்டை விட்ட புதிதில் 1.8 ஓம் காயில் வைத்திருந்தேன். ஒருமுறை சார்ஜ் போட்டால் இரவு வரை வரும். 0.5 ஓமுக்கு மாறினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே விளக்கு சிவப்பாகிவிட்டது. (நான் இருப்பது பிரிட்டனில். இந்தியாவில் 2019 முதல் இ-சிகரெட் விற்பனைக்கே தடை.)

பழுது பேட்டரியில் இல்லை. ஓம் என்பது காயிலின் மின்தடை. வோல்ட்டேஜை ஓமால் வகுத்தால் ஆம்பியர், அதாவது பாயும் மின்னோட்டம். முழு சார்ஜில் 18650 செல் (உருளை வடிவ லித்தியம் பேட்டரி) 4.2 வோல்ட் காட்டும். அதை 1.8 ஓமில் நேராக இணைத்தால் 2.3 ஆம்பியர், 10 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. அதே செல்லில் 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர், 35 வாட். புகை அடர்த்தியாக, சூடாக வருவதற்கும் காரணம் அதுதான், சார்ஜ் பறப்பதற்கும் அதுதான். 3000 மில்லி ஆம்பியர் மணி செல்லில் பட்டனை அழுத்தும் நேரத்தை மட்டும் கூட்டினால், சராசரி 3.6 வோல்ட்டில் 1.8 ஓமுக்கு 90 நிமிடம், 0.5 ஓமுக்கு 25 நிமிடம்.

சரி, வோல்ட்டேஜைக் குறைத்தால்? கண்டிப்பாகப் பலன் உண்டு. வாட் என்பது வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு போகிறது. அதே 0.5 ஓமில் 4.2-இலிருந்து 3.7-க்கு இறக்கினாலே 35 வாட் 27 ஆகிவிடும். ஆனால் காயில் மேல் அச்சிட்டிருக்கும் வாட் அளவுக்குக் கீழே போகாதீர்கள். திரவம் சரியாக ஆவியாகாமல் வாய்க்குள் துளியாகத் தெறிக்கும். அதற்கு மேலே போனால் காயிலுக்குள் திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கும் பஞ்சு கருகும். நான் ஒருமுறை கழற்றிப் பார்த்தபோது கம்பியைத் தொட்ட இடமெல்லாம் பஞ்சு கறுப்பாக இருந்தது. அந்தக் கசப்பு தொண்டையில் ஒரு நாள் முழுக்க நின்றது.

நாள் முழுக்க வர வேண்டும் என்றால் 1 ஓமுக்கு மேல் உள்ள காயிலுக்குத் திரும்புங்கள். நான் இப்போது 1.2-இல் இருக்கிறேன்.

அப்புறம் ஒன்று, தயவுசெய்து கேளுங்கள். 0.15 ஓம் போல மிகக் குறைந்த காயிலை நேரடி இணைப்புக் கருவியில் (வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று இல்லாதது) போடாதீர்கள். 28 ஆம்பியர் இழுக்கும். பல 18650 செல்கள் 20-க்கு மேல் தொடர்ந்து தாங்காது. செல்லின் மேலுறை லேசாகக் கிழிந்திருந்தாலும் அதைப் பயன்படுத்த வேண்டாம். தனிச் செல்லைச் சாவிக்கொத்தோடு ஒரே பையில் போடவே போடாதீர்கள்.