பன்னாட்டு வர்த்தகச் சட்டத்தைக் கற்பித்துக்கொண்டே அதில் தொழில் செய்யவும் முடியுமா?

கேள்வி கேட்டவர் சட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறார். பன்னாட்டு வர்த்தகச் சட்டத்தில் ஆசிரியப் பணிக்குச் செல்வதா, வழக்கறிஞர் பணிக்குச் செல்வதா, இரண்டையும் ஒருசேரச் செய்ய இயலுமா என்று கேட்டிருக்கிறார். உலக வர்த்தக அமைப்பின் தகராறு தீர்வு முறையே முடங்கிக் கிடக்கும் காலத்தில் இத்துறையை நம்பி வரலாமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டு பணிகளையும் செய்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இயலும். ஆனால் இவ்விரு பணிகளும் நம்மிடம் எதிர்பார்க்கும் குணங்கள் வேறு வேறு என்பதை முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது. ஓர் அரசுக்கோ நிறுவனத்துக்கோ ஆலோசனை சொல்லும்போது, அவர்கள் பக்கம் நின்று, சட்ட வாசகத்திலிருந்து அவர்களுக்குச் சாதகமான பொருளை எடுத்துத் தர வேண்டும். வகுப்பறைக்குள் நுழைந்தவுடன் அதே வாசகத்தை எதிர்த்தரப்பின் கண்ணாலும் படித்துக் காட்ட வேண்டும். இப்படி இடம் மாறி நிற்பதை நேர்மையாகச் செய்ய முடிந்தால் ஒரு பணி மற்றொன்றைக் கூர்மையாக்கும். அது முடியாதவர் காலப்போக்கில் தம் கட்சிக்காரரின் வாதத்தையே பாடமாக நடத்தத் தொடங்கிவிடுவார்.

நான் ஆண்டுதோறும் தவறாமல் நடத்தும் இறால் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் ஆமைகள் வலையில் சிக்கி இறப்பதைத் தடுக்கத் தன்னுடையதற்கு ஒப்பான ஏற்பாடு இல்லாத நாடுகளிலிருந்து இறாலை இறக்குமதி செய்ய அமெரிக்கா தடை விதித்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. முதலில் விசாரிக்கும் குழுவின் அறிக்கைமீது வரும் முறையீடுகளைக் கேட்கும் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு, 1998 அக்டோபரில் அமெரிக்காவுக்கு எதிராக முடிவு கூறியது. வர்த்தகம் வென்றது, சுற்றுச்சூழல் தோற்றது என்ற எண்ணத்தோடுதான் மாணவர்களில் பெரும்பாலோர் வகுப்புக்கு வருகிறார்கள். அறிக்கையை வரிவரியாகப் படித்தால் காட்சி மாறிவிடுகிறது. ஆமைகளைக் காப்பதற்காக வர்த்தகத்தைக் கட்டுப்படுத்த சரக்கு வர்த்தகத்துக்கான அடிப்படை ஒப்பந்தமான காட் (GATT) ஒப்பந்தத்தின் 20ஆவது பிரிவில் இடமுண்டு என்பது ஏற்கப்பட்டிருக்கிறது. கரீபியப் பகுதியைச் சேர்ந்த நாடுகளுக்கு மூன்றாண்டு அவகாசமும் வழக்காடிய நாடுகளுக்கு நான்கு மாத அவகாசமும் கொடுத்தது, முன்னவற்றோடு பேச்சு நடத்திவிட்டுப் பின்னவற்றோடு அக்கறையுடன் பேசாதது போன்ற பாரபட்சங்களே அந்தத் தடையை வீழ்த்தின. அமெரிக்கா தன் நடைமுறையைத் திருத்திக்கொண்ட பிறகு மலேசியா மீண்டும் எதிர்த்தபோது, 2001இல், திருத்தப்பட்ட நடவடிக்கை செல்லும் என்றே முடிவாயிற்று. இந்த வழக்கில் ஒவ்வொரு மாணவரும் ஒரு வாரம் மனுதாரருக்காகவும் அடுத்த வாரம் எதிர்மனுதாரருக்காகவும் வாதாட வேண்டும் என்பது என் வகுப்பின் விதி. இரண்டாம் வாரத்தில் பலருடைய வாதம் முதல் வாரத்தைவிடச் சிறப்பாக அமைவதைப் பார்த்திருக்கிறேன். எதிராளியின் பலம் எங்கே இருக்கிறது என்பது அப்போது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் இத்தகைய பெரிய வழக்குகள் ஒரு வழக்கறிஞரின் நாட்களில் சிறு பகுதியையே நிரப்பும். அன்றாட வேலையின் பெரும்பகுதி பொருள் குவிப்பு விசாரணைகளில் கழிகிறது. ஒரு நிறுவனம் தன் உள்நாட்டு விலையைவிடக் குறைந்த விலைக்கு ஏற்றுமதி செய்து, இறக்குமதி செய்யும் நாட்டின் தொழிலுக்குச் சேதம் விளைவிக்கிறது என்று புகார் எழுந்தால், அந்நாட்டு விசாரணை அதிகாரிகள் நீண்ட வினாப்பட்டியல் ஒன்றை அனுப்புவார்கள். விடை எழுதக் குறைந்தது 30 நாட்கள் தர வேண்டும் என்பது விதி. விலை வேறுபாடு 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்று நிரூபித்துவிட்டால் விசாரணை அந்த நிறுவனத்தைப் பொறுத்தவரை முடிந்துவிடும். இல்லையேல் கூடுதல் வரி வரும், மறுஆய்வில் நீட்டிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டுகளுக்கு நிற்கும்.

தொழிலின் தொடக்கத்தில் அப்படிப்பட்ட விசாரணை ஒன்றில் நான் செய்த பிழையை இன்றும் மாணவர்களிடம் சொல்கிறேன். குழாய் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றுக்காகச் சட்ட வாதங்களை நாற்பது பக்கங்களுக்கு எழுதியிருந்தேன். கணக்குத் தாள்களைக் கணக்குப் பிரிவினர் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன். உற்பத்திச் செலவை எடைக் கணக்கிலும் விற்பனையை நீளக் கணக்கிலும் எழுதி வைப்பது அவர்கள் வழக்கம். ஒன்றை மற்றொன்றாக மாற்றப் பயன்படுத்திய எண் இரண்டு அளவுக் குழாய்களுக்குத் தவறாக இருந்தது. நேரில் சரிபார்க்க வந்த அதிகாரிகள் இரண்டாம் நாளிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் புள்ளிவிவரங்கள் நம்பத்தக்கவை அல்ல என்று ஒதுக்கப்பட்டு, அவர்கள் கையில் இருந்த தகவல்களைக்கொண்டு வரி கணக்கிடப்பட்டது. என் நாற்பது பக்கங்களை எவரும் படிக்க வேண்டிய தேவையே எழவில்லை. அந்த வரியால் அந்த ஆலையில் ஒரு பணிமுறை நிறுத்தப்பட்டது என்று பின்னர் கேள்விப்பட்டபோது, இந்தச் சட்டத்தில் எண்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து எந்த நிறுவனத்துக்கு ஆலோசனை சொன்னாலும் முதலில் ஆலைக்குள் நடந்து பார்க்கிறேன். என் பாடத்திட்டத்தின் முதல் மாதத்தில் ஒப்பந்த வாசகங்களோடு ஒரு நிறுவனத்தின் இருப்பாய்வும் செலவுக் கணக்கும் இடம்பெறுவதற்கும் அந்தத் தோல்விதான் காரணம்.

கணக்கில்தான் சட்டமே ஒளிந்திருக்கிறது என்பதற்குப் படுக்கை விரிப்பு வழக்கைவிட நல்ல சான்று இல்லை. இந்தியப் பருத்தி விரிப்புகள் மீது ஐரோப்பிய சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியம்) பொருள் குவிப்பு வரி விதித்தபோது, ‘பூஜ்யமாக்கல்’ என்ற கணக்கீட்டு முறையைப் பின்பற்றியது. ஒரு வகை விரிப்பு நியாய விலையைவிடப் பத்து அலகு குறைவாகவும் இன்னொரு வகை பத்து அலகு கூடுதலாகவும் விற்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்தால் வேறுபாடு ஏதுமில்லை. கூடுதலாக விற்றதைப் பூஜ்யம் என்று எழுதிவிட்டாலோ, பத்து அலகு பொருள் குவிப்பு நடந்ததாகக் கணக்குச் சொல்லும். 2001இல் மேல்முறையீட்டு அமைப்பு இம்முறை ஒப்பந்தத்துக்கு முரணானது என்று அறிவித்தது. அதே வழக்கில் இன்னொரு பாடமும் உண்டு. வளரும் நாடுகளின் பொருட்கள் மீது வரி விதிக்கும் முன் மாற்றுத் தீர்வுகள் ‘ஆராயப்பட வேண்டும்’ என்று பொருள் குவிப்பு ஒப்பந்தத்தின் 15ஆவது பிரிவு சொல்கிறது. ஆராய வேண்டும் என்றால் ஒரு தீர்வை எட்டியே தீர வேண்டும் என்று பொருளாகாது. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாது என்று அவ்வழக்கை விசாரித்த குழு விளக்கம் தந்தது.

ஒப்பந்தப் பேச்சுவார்த்தைகளில் அரசுகளுக்கு ஆலோசனை சொல்பவர்கள் தூக்கமிழப்பது இத்தகைய வினைச்சொற்களுக்காகத்தான். ‘செய்யும்’ என்பதற்கும் ‘செய்ய முயலும்’ என்பதற்கும் இடையில் உள்ள தூரம், பத்தாண்டுகள் கழித்து ஒரு வழக்கின் முடிவைத் தீர்மானிக்கும். இந்தக் கூர்மையை எனக்குக் கற்றுக்கொடுத்தது பேச்சுவார்த்தை மேசையைவிட வகுப்பறைதான் என்பேன். இந்தச் சொல்லுக்கு இப்படியும் பொருள் கொள்ளலாமே என்று ஒரு மாணவி கேட்ட கேள்வி ஒன்று, சில ஆண்டுகள் கழித்து நான் வரைந்துகொண்டிருந்த பிரிவு ஒன்றைத் திருத்தி எழுத வைத்தது.

இத்துறையில் என்னை நிலைநிறுத்திய காரணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உலக வர்த்தக அமைப்பில் இன்று 166 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். விதிகள் அனைவருக்கும் பொது. அவற்றைப் பயன்படுத்தும் திறன் பொதுவாக இல்லை. பெரிய நாடுகள் தம் அமைச்சகங்களிலேயே தேர்ந்த வழக்கறிஞர்களை வைத்திருக்கின்றன. சிறிய நாடுகளுக்கு, அமைப்பின் தலைமையகம் உள்ள ஜெனீவாவில், இரண்டு மூன்று அலுவலர்களே இருப்பார்கள். சிலவற்றுக்கு அங்கே தூதரகமே இல்லை. ஐரோப்பிய சமூகத்தின் வாழைப்பழ இறக்குமதி விதிகளை எதிர்த்து நடந்த வழக்கில் கரீபியத் தீவு நாடான செயின்ட் லூசியா வெளி வழக்கறிஞர்களைத் தன் குழுவில் சேர்த்தபோது, அவர்கள் விசாரணைக் கூடத்தில் இருக்கக் கூடாது என்ற ஆட்சேபம் எழுந்தது. தன் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை அந்தந்த அரசே தீர்மானிக்கலாம் என்று 1997இல் மேல்முறையீட்டு அமைப்பு கூறிய பிறகே தனியார் வழக்கறிஞர்களுக்கு இந்தக் கதவு முழுமையாகத் திறந்தது. வளரும் நாடுகளுக்குக் குறைந்த கட்டணத்தில் சட்ட உதவி தரும் ஆலோசனை மையம் ஒன்று 2001இல் ஜெனீவாவில் உருவாயிற்று. தன் மின்கலங்கள் மீது இந்தியா விதித்த பொருள் குவிப்பு வரியை எதிர்த்து 2004இல் வங்கதேசம் தகராறு எழுப்பியது. மிகவும் பின்தங்கிய நாடு ஒன்று மனுதாரராக வந்தது அதுவே முதல் முறை. நடுவர் குழு வரை போகாமலேயே வரி நீங்கியது. பலவீனமான ஒருவர் பலமான ஒருவரிடம் சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டிப் பேச முடிந்த இத்தகைய தருணங்களுக்காகவே இந்த வேலையை நான் மதிக்கிறேன். என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று சிறிய நாடுகளின் அமைச்சகங்களில் இருப்பது, நான் எழுதிக் கொடுத்த எந்த வாதத்தையும்விட எனக்கு நிறைவு தருகிறது.

முடக்கம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஏழு பேர் இருக்க வேண்டிய மேல்முறையீட்டு அமைப்புக்குப் புதிய உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா ஒப்புதல் தர மறுத்ததால், 2019 டிசம்பரில் அது புதிய முறையீடுகளை விசாரிக்க முடியாத நிலையை அடைந்தது. கடைசி உறுப்பினரின் பதவிக்காலமும் 2020 நவம்பரில் முடிந்தது. தோற்ற நாடு மேல்முறையீடு செய்துவிட்டால் போதும், விசாரிக்க ஆள் இல்லாததால் முடிவு அப்படியே தொங்கி நிற்கும். உருக்கு, அலுமினிய வரிகள் தொடர்பாக 2022 டிசம்பரில் தனக்கு எதிராக வந்த அறிக்கைகளை அமெரிக்கா இவ்வாறுதான் வெற்றிடத்தில் மேல்முறையீடு செய்தது. இது சிறிய பாதிப்பு என்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். என் பணிக்காலத்தில் இத்துறைக்கு நேர்ந்த மிகப் பெரிய இழப்பு இதுதான். இருந்தும் வேலை நின்றுவிடவில்லை. சில உறுப்பினர்கள் 2020இல் தமக்குள் ஓர் இடைக்கால நடுவர் ஏற்பாட்டை உருவாக்கிக்கொண்டார்கள். உறைந்த உருளைக்கிழங்கு வறுவல் மீது கொலம்பியா விதித்த வரி தொடர்பாக ஐரோப்பிய ஒன்றியம் தொடுத்த வழக்கு 2022இல் அந்த ஏற்பாட்டின்படி முடிவுக்கு வந்தது. உள்நாட்டு விசாரணைகள், இருதரப்பு ஒப்பந்தங்கள், ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் ஆகியவை பெருகியிருக்கின்றன. வரிகள் நிலையில்லாமல் மாறும்போது ஆலோசனை தேடி வருபவர்கள் குறைவதில்லை. வகுப்பில் நான் செய்துகொண்ட மாற்றம் ஒன்றுதான்: முன்பெல்லாம் வழக்கு முடிந்த இடத்தில் பாடத்தை முடிப்பேன்; இப்போது, முடிவை நிறைவேற்ற மறுக்கும் நாட்டிடம் அடுத்து என்ன செய்வது என்ற இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

இரண்டு பணிகளையும் ஏற்பவர் காக்க வேண்டிய எல்லைகள் கடுமையானவை. கட்சிக்காரரின் செலவுக் கணக்கு முதல் விலைப்பட்டியல் வரை எல்லாமே இரகசியம். அவற்றை எடுத்துக்காட்டாகக்கூட வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது. நான் தொடர்புள்ள வழக்கு நடக்கும் காலத்தில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதுவதில்லை. பின்னர் எழுதினால் எந்தத் தரப்பில் இருந்தேன் என்பதை முதல் பக்கத்திலேயே தெரிவிக்கிறேன். ஒரு முறை, நான் ஆலோசனை கூறிக்கொண்டிருந்த அரசின் கொள்கையைக் கடுமையாக விமர்சித்த ஆய்வேட்டை மதிப்பிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதை இன்னோர் ஆசிரியரிடம் ஒப்படைத்தேன். நியாயமாக மதிப்பிட்டிருக்க என்னால் முடிந்திருக்கலாம். அப்படி நம்ப வேண்டிய கட்டாயத்தை அந்த மாணவர்மீது சுமத்தியிருக்கக் கூடாது.

எதில் தொடங்குவது என்று கேட்டால், முதல் நான்கைந்து ஆண்டுகள் நடைமுறையில் இருங்கள் என்பேன், அதுவும் பொருள் குவிப்பு விசாரணைகளில். சுங்க வகைப்பாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு பொருள் ஆறு இலக்கக் குறியீட்டில் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்பதைப் பொறுத்தே வரி முழுவதும் மாறும். செலவுக் கணக்கியலில் ஒரு பாடமும் அடிப்படைப் புள்ளியியலும் அவசியம். உலக வர்த்தக அமைப்பின் அலுவல் மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் என்பதால் பின்னிரண்டில் ஒன்றைப் படிக்கும் அளவுக்காவது அறிந்திருந்தால் பிற்காலத்தில் பெரிதும் உதவும். மாணவராக இருக்கும்போதே மாதிரி வழக்காடு போட்டி ஒன்றில் கலந்துகொள்ளுங்கள். இந்த ஆண்டுகளில் வாரம் ஒரு மணி நேரமாவது, ஊதியம் இல்லாவிட்டாலும், யாருக்கேனும் இந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காக வாரம் முழுவதும் மனம் காத்திருக்கிறது என்று உணர்ந்தால், ஆய்வுப் பட்டத்துக்கு அப்போது விண்ணப்பிக்கலாம்.