எரிவாயு நிறுவனங்களுக்குச் சங்கம் எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களுக்குக் குளிர்காலத்தில் இயற்கை எரிவாயு எப்படிப் போய்ச் சேர்கிறது என்று சென்ற இதழில் எழுதியபோது, அங்குள்ள எரிவாயு நிறுவனங்களின் வட்டாரச் சங்கத்தைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே மிகுதி. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சங்கம் என்றாலே எங்களுக்குத் தொழிலாளர் சங்கம்தான் நினைவுக்கு வருகிறது. இதுவும் அதுதானா? நாடு முழுவதற்கும் ஒன்று இருந்தால் போதாதா, வட்டாரத்துக்கு ஒன்று எதற்கு?

பதில்: அதுவன்று. தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினர் தொழிலாளி. இங்கே உறுப்பினர் நிறுவனம். வீடுகளுக்கும் கடைகளுக்கும் எரிவாயு விநியோகிக்கும் நிறுவனங்கள், தொலைதூர வயல்களிலிருந்து அதைக் கொண்டுவரும் பெருங்குழாய் நிறுவனங்கள், குழாய் பதிக்கும் ஒப்பந்ததாரர்கள், வால்வும் மீட்டரும் செய்து விற்பவர்கள் ஆகியோர் சந்தா கட்டிச் சேர்ந்திருக்கும் அமைப்பு இது. நான் குறிப்பிட்டிருந்த வடகிழக்கு எரிவாயுச் சங்கம், நியூ இங்கிலாந்திலும் (மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்டு உள்ளிட்ட ஆறு மாநிலங்கள் அடங்கிய வட்டாரம்) நியூயார்க்கிலும் தனித்தனியாக இயங்கிவந்த இரண்டு அமைப்புகள் 2003இல் இணைந்து உருவானது. தெற்கு மாநிலங்களின் எரிவாயுச் சங்கம் 1908லேயே தொடங்கப்பட்டுவிட்டது. நாடு முழுவதற்குமான அமெரிக்க எரிவாயுச் சங்கம் பிறந்தது அதற்குப் பத்தாண்டுகள் கழித்துத்தான்.

நாடளாவிய சங்கம் வாஷிங்டனில் அமர்ந்து மத்திய அரசின் சட்டங்களையும் பொதுத் தரங்களையும் கவனித்துக்கொள்கிறது. ஆனால் மண்ணுக்கு மண் சிக்கல் வேறு. நியூ இங்கிலாந்தில் எரிவாயு வயல் கிடையாது. எரிவாயுவை நிலத்தடியில் சேமித்துவைக்கும் அமைப்பும் கிடையாது. குழாய் வழி வருவது கடுங்குளிர் நாள்களில் போதாமல் போகும்போது, கழித்தல் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்துத் திரவமாக்கித் தொட்டிகளில் வைத்திருப்பதை மீண்டும் வாயுவாக்கிக் குழாயில் விடுகிறார்கள். பாஸ்டன் போன்ற பழைய நகரங்களின் தெருக்களுக்கு அடியில் நூறாண்டு தாண்டிய வார்ப்பிரும்புக் குழாய்கள் இன்னும் கிடக்கின்றன. மண்ணிலுள்ள ஈரம் உறைந்து விரியும்போது அவை விரிசல் விடும். டெக்சாஸில் வேலை பார்த்த ஒரு பொறியாளருக்கு இந்தத் தொல்லை பழக்கமில்லாததாக இருக்கலாம்; பக்கத்து மாநிலத்துக்காரருக்கோ அன்றாடப் பாடு. வட்டாரச் சங்கத்தின் தேவை அங்கிருந்துதான் வருகிறது.

கேள்வி: ஒரே தொழிலில் இருப்பவர்கள் போட்டியாளர்கள் அல்லவா? ஒருவருக்கொருவர் எதற்காக உதவிக்கொள்ள வேண்டும்?

பதில்: எரிவாயு விநியோகத்தில் அந்தப் போட்டி அநேகமாக இல்லை. ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் குழாய் பதிப்பது வீண் செலவு என்பதால், இன்ன பகுதி இன்ன நிறுவனத்துக்கு என்று மாநில ஒழுங்குமுறை ஆணையம் உரிமை வழங்கிவிடுகிறது. கட்டணத்தையும் அதுவே தீர்மானிக்கிறது. பக்கத்து ஊர் நிறுவனம் நன்றாக நடந்தால் இந்த ஊர் நிறுவனத்துக்கு நட்டமில்லை. ஆனால் பக்கத்து ஊரில் ஒரு வீடு வெடித்தால் இந்த ஊரிலும் மக்கள் அஞ்சுகிறார்கள், எல்லாருக்கும் சேர்த்துப் புதிய விதி வருகிறது. ஆகவே தன் தவற்றை மறைப்பதைவிடச் சொல்வதில்தான் நன்மை அதிகம். விபத்தாகாமல் மயிரிழையில் தப்பிய நிகழ்ச்சிகளையும் ஒரு நிறுவனத்தார் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஓர் இடம் வேண்டும். சங்கத்தின் குழுக் கூட்டங்கள் அந்த இடம்.

கேள்வி: பேரிடர் வேளையில் இந்தச் சங்கங்கள் 'பரஸ்பர உதவி' ஏற்பாடு செய்வதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். மின்சாரம் போனால் ஆள் அனுப்பிக் கம்பியைச் சரிசெய்வது போலத்தானே இதுவும்?

பதில்: வந்த கடிதங்களில் நான் மிகவும் விரும்பிய கேள்வி இது, ஏனெனில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் விஷயமே இருக்கிறது. மின்சாரம் போய்த் திரும்பினால் விளக்கு தானாக எரியும். எரிவாயு போய்த் திரும்பினால் அது ஆபத்து. அழுத்தம் குறைந்து அடுப்பும் வெந்நீர்க் கொதிகலனும் அணைந்த பிறகு, யாரும் எதையும் மூடாமல் குழாயில் மீண்டும் வாயுவை விட்டால், திறந்து கிடக்கும் பர்னர்கள் வழியாகவும் அணைந்துபோன பைலட் சுடர்கள் (கொதிகலனைப் பற்றவைக்க எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிறு சுடர்கள்) வழியாகவும் அது வீட்டுக்குள் நிறையும். காற்றில் அதன் பங்கு சுமார் 5 விழுக்காட்டை எட்டியதும் ஒரு பொறி போதும்.

2019 ஜனவரி 21 அன்று ரோட் ஐலண்டு மாநிலத்தின் நியூபோர்ட் பகுதியில் கடுங்குளிரில் அழுத்தம் விழுந்து, 7,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு எரிவாயு நின்றது. இப்படி நிற்கும்போது பணியாளர் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் மீட்டர் வால்வை மூட வேண்டும். ஒன்றுகூட விடாமல் மூடியாயிற்று என்று உறுதியான பிறகே தெருக்குழாயில் கலந்துவிட்ட காற்றை வெளியேற்றி, மெல்ல மெல்ல அழுத்தத்தை ஏற்ற முடியும். பிறகு அதே வீடுகளுக்கு இரண்டாம் முறை போக வேண்டும். வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று பார்த்து உள்ளே நுழைந்து, வீட்டுக் குழாயில் கசிவில்லை என்று சோதித்து, வால்வைத் திறந்து, கொதிகலனின் முன் மண்டியிட்டுப் பைலட் சுடரைப் பற்றவைத்து, சுடர் நீலமாக நிலைத்து எரிகிறதா என்று சற்று நேரம் உட்கார்ந்து பார்த்து, குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். 7,000 வாடிக்கையாளர் என்றால் கதவு தட்டுவது குறைந்தது 14,000 முறை. பூட்டிய வீடுகளுக்கு அதற்கும் மேல். உள்ளூர்ப் பணியாளர்களால் மட்டும் சில நாள்களுக்குள் முடிகிற வேலையா இது? நியூபோர்ட்டுக்கு வெளி நிறுவனங்களிலிருந்தும் ஆள்கள் வரவழைக்கப்பட்டார்கள்.

வந்தவரை நேரே வீட்டுக்குள் அனுப்பிவிட முடியாது. எரிவாயுக் குழாயில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்பவர் அந்த வேலைக்குத் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதி சொல்கிறது. வந்தவருக்கு யார் கூலி தருவது, அவருக்கு அடிபட்டால் காப்பீடு யாருடையது, அவர் தவறு செய்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்விகளும் உண்டு. இவற்றையெல்லாம் குளிரில் மக்கள் நடுங்கிக்கொண்டிருக்கும்போது பேசிக்கொண்டிருக்க முடியாது. சங்கத்தின் வழியே உறுப்பினர்கள் முன்கூட்டியே கையெழுத்திட்டு வைத்திருக்கும் உடன்படிக்கை இங்கேதான் பயன்படுகிறது. தேவைப்படுபவர் எத்தனை பேர், எந்தத் தகுதியுடன், எத்தனை வண்டிகளுடன் வேண்டும் என்று சொன்னால், அந்தச் செய்தி எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரே வேளையில் போகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வெறும் தாள் வேலையாகத் தோன்றலாம். என்னைக் கேட்டால், ஒரு சங்கம் கூட்டும் மாநாடுகள், வழங்கும் விருதுகள் எல்லாவற்றையும்விட இந்தத் தாள் வேலைதான் உயர்ந்தது.

கேள்வி: 2018இல் மாசசூசெட்ஸில் நடந்த தொடர் வெடிப்புகளை இத்தகைய சங்கத்தால் தடுத்திருக்க முடியாதா?

பதில்: அந்த ஆண்டு செப்டம்பர் 13 அன்று லாரன்ஸ், ஆண்டோவர், வடக்கு ஆண்டோவர் ஆகிய மூன்று ஊர்களில் ஏராளமான வீடுகள் தீப்பற்றின, சில வெடித்தன, ஓர் இளைஞர் உயிரிழந்தார். நடந்தது என்ன என்பதைக் கூர்ந்து பார்த்தால் நெஞ்சு கனக்கும். பழைய வார்ப்பிரும்புக் குழாயை நீக்கிப் பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றும் பணி நடந்துகொண்டிருந்தது. தெருக்குழாயில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதை, அந்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குத் தெரிவிக்கும் உணர்குழாய்கள் பழைய குழாயிலேயே இணைந்திருந்தன. பணியாளர்கள் தங்களுக்குத் தரப்பட்ட திட்டப்படியே பழைய குழாயைத் துண்டித்தார்கள். அதில் அழுத்தம் விழுந்தது. ஊர் முழுவதும் அழுத்தம் குறைகிறது என்று எடுத்துக்கொண்ட ரெகுலேட்டர்கள் அகலத் திறந்து, தாழ்ந்த அழுத்தத்துக்கென அமைந்த குழாய்களில் உயர் அழுத்த வாயுவைத் திணித்துவிட்டன. உணர்குழாய்களை இடம் மாற்ற வேண்டும் என்பது வேலைத் திட்டத்தில் எழுதப்படவில்லை. அந்தத் திட்டத்தைச் சரிபார்த்த முறையும் போதவில்லை என்று, குழாய் விபத்துகளையும் விசாரிக்கும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது.

ஒரு நிறுவனத்தின் உள் திட்டத்தைத் திருத்தும் அதிகாரம் எந்தச் சங்கத்துக்கும் கிடையாது. அது காவலர் அன்று. ஆகவே தடுத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த ஊரில் அது நிகழாமல் இருக்க, ஒவ்வொரு நிறுவனமும் தன் ரெகுலேட்டர் நிலையங்களின் உணர்குழாய்கள் எங்கே போகின்றன என்று வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. தொழில் உரிமம் பெற்ற பொறியாளரின் ஒப்பமின்றி இத்தகைய வேலை நடக்கக் கூடாது என்று மாசசூசெட்ஸில் சட்டமே வந்தது. இப்படியொரு மாற்றம் வரும்போது பெரிய நிறுவனத்தில் அதைப் படித்து நடைமுறைப்படுத்தத் தனிப் பிரிவே இருக்கும். சில ஆயிரம் இணைப்புகள் மட்டும் வைத்திருக்கும் நகராட்சி எரிவாயுத் துறையில் ஒரே ஒருவர்தான் எல்லாம். அவருக்கு மாதிரி நடைமுறையும் சரிபார்ப்புப் பட்டியலும் கேட்டுத் தெளிய ஆளும் கிடைப்பது சங்கத்தில்தான்.

கேள்வி: பயிற்சி தருகிறார்கள் என்றால் வகுப்பறையில் பாடம் எடுப்பார்களா?

பதில்: பாடமும் உண்டு, ஆனால் கை பழக வேண்டிய தொழில் இது. பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன குழாய்களை இணைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு குழாய்களின் முனைகளையும் கருவியில் பிடித்துச் சமமாகச் சீவி, சுமார் 200 முதல் 230 டிகிரி செல்சியஸ் வரை சூடான தகட்டில் ஒரே வேளையில் அழுத்தி, ஓரம் உருகிச் சுருளத் தொடங்கியதும் தகட்டை எடுத்துவிட்டு, முனைகளைச் சேர்த்து அழுத்தி, குளிரும்வரை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். சரியாக அமைந்தால் சுற்றிலும் இரட்டை விளிம்பு ஒரே சீராக உருண்டு நிற்கும். முனையில் ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தாலும், அவசரப்பட்டு முன்னதாக எடுத்தாலும் வெளிப்பார்வைக்கு நன்றாயிருந்து உள்ளே ஒட்டாமல் போகலாம். ஆகவே பயிற்சியில் செய்த இணைப்பை நீளவாக்கில் பட்டை பட்டையாக அறுத்து வளைத்துப் பார்க்கிறார்கள். விரிசல் விட்டால் தேர்ச்சி இல்லை. இந்தத் தகுதியை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஒவ்வொரு சிறு நிறுவனமும் இதற்கெனத் தனிக் களம் அமைத்துக்கொள்ள இயலாதல்லவா? பலர் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ளும்போது அது கைகூடுகிறது.

ஆராய்ச்சியிலும் இதே கணக்குத்தான். வளைவும் குறுகலும் மிகுந்த பழைய குழாய்களுக்குள் வாயு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊர்ந்து சென்று படமெடுக்கும் 'எக்ஸ்ப்ளோரர்' ரோபோவை உருவாக்கியதில், வடகிழக்குச் சங்கத்தின் ஆராய்ச்சிப் பிரிவான நைசர்ச்சுக்கும் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு.

கேள்வி: சமையல் வாயுவின் நாற்றத்துக்கும் இந்தச் சங்கங்களுக்கும் தொடர்புண்டா?

பதில்: நாற்றம் சேர்ப்பது இன்று சட்டம். 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளிக்கூடத்தில், தரைக்கடியில் கசிந்து தேங்கிய மணமற்ற எரிவாயு வெடித்து ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், மாண்டனர். அதன் பிறகே கந்தகச் சேர்மமான மெர்காப்டனைக் கலப்பது கட்டாயமானது. வெடிக்கக்கூடிய அளவில் ஐந்தில் ஒரு பங்கு வாயு காற்றில் இருக்கும்போதே இயல்பான மூக்குக்குத் தெரிந்தாக வேண்டும் என்பது விதி. அந்த நாற்றத்தை அறிந்தவர் விளக்கைப் போடாமல், போட்டிருந்தால் அணைக்கவும் முயலாமல், உடனே வெளியேறித் தொலைவில் நின்று அழைக்க வேண்டும் என்பதையும், நிலத்தைத் தோண்டுமுன், அடியில் குழாயோ கம்பியோ போகும் இடத்தை அடையாளமிட்டுத் தரச் செய்யும் 811 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் மக்களிடம் கொண்டுசெல்வதில் சங்கங்கள் உறுப்பினர்களுடன் சேர்ந்து உழைக்கின்றன.

கேள்வி: இவை கடைசியில் அரசிடம் தங்கள் நிறுவனங்களுக்காக வாதாடும் அமைப்புகள்தானே? எவ்வளவு தூரம் நம்பலாம்?

பதில்: வாதாடுகின்றன, அதை மறைப்பதற்கில்லை. நியூயார்க் மாநிலம் 2023இல் புதிய கட்டடங்களில் எரிவாயுவைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. இத்தகைய முடிவுகள் உறுப்பினர்களின் பிழைப்பையே தொடுபவை. அங்கே சங்கம் தன் உறுப்பினர் பக்கமே பேசும். இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கு மீத்தேன்தான்; எரியாமல் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைப் போல் 80 மடங்கு புவியைச் சூடாக்குகிறது. எரிவாயுவின் எதிர்காலம் பற்றிச் சங்கம் தரும் அறிக்கையைப் படிப்பவர், மாற்றுக் கருத்துடையோரின் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதே முறை. ஆனால் பழைய வார்ப்பிரும்புக் குழாயை மாற்றிக் கசிவைக் குறைப்பது எப்படி என்று அதே சங்கத்தின் பொறியாளர் குழு எழுதித் தந்தால் அதை நான் நம்பிப் படிப்பேன், ஏனெனில் அது தவறானால் முதலில் அடிபடுவது குழிக்குள் இறங்கி நிற்கும் அவர்களுடைய ஆள்தான்.

கேள்வி: எரிவாயு வாங்கும் வாடிக்கையாளர் இதில் உறுப்பினராகலாமா? கட்டணம் பற்றிய புகாரை அங்கே அனுப்பலாமா?

பதில்: இரண்டுக்கும் இடமில்லை. விலையைப் பற்றி உறுப்பினர்கள் தமக்குள் பேசி முடிவெடுப்பதையே போட்டிச் சட்டம் தடுக்கிறது. கட்டணம், இணைப்பு, சேவை பற்றிய குறைகளை முதலில் விநியோக நிறுவனத்திடமும், அங்கே தீராவிட்டால் மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டு ஆணையத்திடமும் எழுத்தில் கொடுக்க வேண்டும். கசிவு என்றால் மட்டும் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டை விட்டு வெளியே வந்ததும் நிறுவனத்தின் அவசர எண்ணை அழையுங்கள்.