அனுபவம் இல்லாமல் கிராஃபிக் டிசைன் வேலைக்கு எப்படிப் போவது?

ஆறு மாத டிசைன் கோர்ஸ் முடித்துவிட்டேன், போகிற இடமெல்லாம் அனுபவம் கேட்கிறார்கள், வேலையே கொடுக்காமல் அது எங்கிருந்து வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு வந்தது கொழிஞ்சாம்பாறையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் பேசுவது தமிழ். வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டினால் கோயமுத்தூர் மாவட்டம்.

2014இல் சேர்ந்தேன். முதல் மாதம் முழுக்க போட்டோவில் பேக்ரவுண்ட் வெட்டுகிற வேலை. அடுத்த மாதம் ஒரு காதுகுத்து போர்டு கையில் வந்தது. 10 அடிக்கு 8 அடி, 23 போட்டோ. ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு தலைக்கும் தங்க பார்டர், நிழல், பின்னால் தோகை விரித்த மயில் என்று போட்டுத் தாக்கிவிட்டேன். காலையில் கடைக்கார அண்ணன் வந்தார். படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிவிட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

“தம்பி, பஸ்ஸுல போறவன் கண்ணுக்கு இதுல எது படும்னு நீயே சொல்லு.”

மயில்தான் பட்டது.

கோர்ஸில் ஹயரார்க்கி என்று ஒரு பாடம் நடத்தியிருப்பார்கள். சபையில் யாருக்கு முதல் மாலை என்பதுதான் அது. குழந்தைக்கு முதல் இடம், அப்புறம் தேதியும் மண்டபமும், அடுத்து தாய்மாமன். மிச்சமிருந்த தலைகளை ஒரே அளவில் வெட்டி, இடைவெளி குறைத்து, அடியில் ஒரே வரிசையாக வைக்கச் சொன்னார் அண்ணன். அப்படி வைத்ததும் அத்தனையும் சேர்ந்து ஒரே பொருளாகத் தெரிந்தது. அருகருகே இருப்பவற்றைக் கண் ஒரே கூட்டமாக எடுத்துக்கொள்ளும் என்று உளவியலாளர் மாக்ஸ் வெர்த்தைமர் 1923இலேயே எழுதிவைத்திருக்கிறார். நான் அதைப் பங்காளிகளின் போட்டோவை வைத்துக் கற்றுக்கொண்டேன்.

எழுத்து அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம். 100 அடி தள்ளி வருகிற பஸ்ஸில் இருப்பவன் படிக்க வேண்டுமென்றால் 10 அங்குலம். 10 அடி போர்டு என்பது 120 அங்குலம். ஓரம் விட்டால் தடித்த தமிழ் எழுத்து ஒரு வரியில் பத்துகூட நெருக்கடிதான். ஆகவே பெயர் மட்டும் பெரிசு. இந்தக் கணக்கைச் சொன்னால் ‘எல்லாத்தையும் பெரிசாப் போடுங்க’ என்கிற கஸ்டமர்கூட கொஞ்சம் இறங்கி வருவார்.

எல்லையில் வேலை பார்த்ததில் கிடைத்த இன்னொன்று, ஒரே போர்டில் தமிழும் மலையாளமும். இரண்டுக்கும் ஒரே பாயிண்ட் சைஸ் (கம்ப்யூட்டரில் எழுத்து அளவுக்குக் கொடுக்கிற எண்) கொடுத்தால் ஒன்று தூக்கலாகவும் மற்றது நோஞ்சானாகவும் தெரியும். எண்ணைப் பார்க்காமல் கோட்டின் தடிமனைக் கண்ணால் பார்த்துச் சமன் செய்ய வேண்டும். தமிழில் ‘கி’, ‘தீ’யின் கொக்கி மேலே போகும், ‘கு’, ‘ழு’ கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைக்கிற வரி இடைவெளியை அப்படியே வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். இப்போது பலூ தம்பி, பலூ சேட்டன் என்று ஒரே குடும்பத்தில் இரண்டு மொழிக்கும் ஃபான்ட் இலவசமாகவே கிடைக்கிறது. (பெயர் வைத்தவர் வாழ்க.)

தப்பும் செய்தேன். ஒரு கல்யாணப் பத்திரிகையில் கறுப்பு எழுத்தை ஆர்ஜிபியிலேயே, அதாவது கம்ப்யூட்டர் திரைக்கான சிவப்பு-பச்சை-நீலக் கணக்கிலேயே, விட்டுவிட்டேன். ஆஃப்செட் அச்சுக்கு மாற்றும்போது அந்தக் கறுப்பு நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு மையிலும் பிரிந்துவிட்டது. ஒரு மையின் அச்சு பிளேட் மயிரிழை நகர்ந்தால் போதுமே, பொடி எழுத்துக்கெல்லாம் ஓரத்தில் சிவப்பு. 500 பத்திரிகை குப்பைக்குப் போயிற்று, என் பாதிச் சம்பளமும் கூடவே. பொடி எழுத்து என்றால் கறுப்பு மை ஒன்று மட்டும். இனி செத்தாலும் மறக்காது.

2019இல் கேரள அரசு பிவிசி ஃப்ளெக்ஸைத் தடை செய்ததும் கடை காட்டன் துணிக்கு மாறியது. துணியில் மெல்லிய கோடு துல்லியமாக விழாது, அதனால் மயில், நிழல் எல்லாம் தானாகவே கழன்றன.

ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனால் கை கெட்டுவிடும் என்பார்கள். பாதி உண்மை. பழைய ஃபைலைத் திறந்து பெயரை மாற்றி அனுப்புகிற பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எனக்கும் ஒட்டியது. ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம் இருங்கள்.

இலவசமாகச் செய்யாதீர்கள். ஒரு திருவிழா கமிட்டிக்குச் சும்மா செய்து கொடுத்தேன். கமிட்டியில் எத்தனை பேரோ அத்தனை கரெக்‌ஷன். 300 ரூபாய் வாங்கினாலும், காசு கொடுத்தவர் ஒருவர்தான் பேசுவார்.

கோயமுத்தூரில் இன்டர்வியூவுக்குப் போனபோது ஆறே வேலைகளைத்தான் கொண்டுபோனேன். காதுகுத்து போர்டின் இரண்டு வடிவமும், பஸ் ஸ்டாப்பிலிருந்து எடுத்த போட்டோவும், அந்தச் சிவப்போரப் பத்திரிகையும் அதில் இருந்தன. பெரிய காபி கம்பெனி லோகோவை நானாக மாற்றி வரைந்ததும் ஒன்று இருந்தது, அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கேள்வி முழுக்கப் பத்திரிகை பற்றித்தான் வந்தது.

உங்கள் ஊர் எது என்று எழுதவில்லை. எந்த ஊராக இருந்தாலும் முகூர்த்த சீசனுக்கும் தேருக்கும் முந்தைய வாரங்களில் ஃப்ளெக்ஸ் கடைகளில் ஆள் போதாது. போனில் கேட்காமல் சாயங்காலம் நேரில் போய் நில்லுங்கள், அதுதான் கூட்டம் நெரிகிற நேரம்.